முதலில் வேலை, பிறகு தண்டவாளம்



இந்தக் குளிர்காலத்தில் நமது வாலிபர் ஒன்றியம் ஒரு மொடல் றெயில்பாதை அமைப்பது என்பது தீர்மானமாகிவிட்டது. எப்படிப்பட்ட பாதை என்பதுதான் இன்னும் தீர்மானமாகவில்லை. இரண்டு திட்டங்கள் முன்னால் இருக்கின்றன. ஒன்று, 4 அடிக்கு 8 அடிப் பலகையில் வட்டமாக ஓடும் பாதை. மலை, சுரங்கம், பாலம் எல்லாம் அதில் உண்டு. மற்றது, 7 அடி நீளமும் 1 அடி அகலமும் கொண்ட சிறிய சரக்கு யார்ட். அதில் மலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. மூன்று பாதைகள், ஒரு எஞ்சின், எட்டுப் பெட்டிகள், அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தில் இதற்கு வாக்கெடுப்பு நடக்கும். நாங்கள் சிறிய யார்டின் பக்கம். ஏன் என்பதை வாக்களிக்கும் முன் எல்லோரும் ஆறுதலாக வாசித்துப் பார்க்கட்டும் என்றே இதை எழுதுகிறோம். இது வெறும் விளையாட்டுப் பொருள் பற்றிய விவாதம் என்று சிலர் நினைக்கலாம். நவம்பர் தொடங்கி மார்ச் வரை, 12 வயதிலிருந்து 20 வயது வரையுள்ள நமது பிள்ளைகள் சனிக்கிழமை மாலையில் அந்தக் கீழ்த்தளத்துக்கு விரும்பி வருவார்களா, மூன்றாம் வாரமே தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்துவிடுவார்களா என்பது இந்தத் தெரிவில்தான் தங்கியிருக்கிறது.

இடம் சொல்லும் கணக்கு

நமக்குச் சொந்த மண்டபம் இல்லை. நாம் கூடும் கீழ்த்தளம் இன்னொரு திருச்சபைக்குச் சொந்தமானது. கதிரைகளை அடுக்கி, தரையைக் கூட்டி, 9 மணிக்குத் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நாம். நமக்கென்று அங்கே இருப்பது ஒரே ஒரு அலுமாரி.

4 அடிக்கு 8 அடி என்பது வட அமெரிக்காவில் அநேகர் தொடங்கும் அளவு. காரணம் எளிது: கடையில் பிளைவுட் பலகை அந்த அளவில்தான் விற்கிறார்கள். நாம் வாங்கப்போவது எச்.ஓ. அளவு; உண்மையான றெயிலில் 87இல் ஒரு பங்கு. அதில் வழக்கமாகக் கிடைக்கும் வளைவின் ஆரை 18 அங்குலம். ஒரு அரைவட்டம் திரும்பவே 36 அங்குலம் வேண்டும். ஓரத்துக்குச் சற்று இடம் விட்டால் 4 அடி நிரம்பிவிடும். ஆனால் ஒரு பக்கத்தில் நின்றுகொண்டு 4 அடிக்கு அப்பால் தடம் புரண்ட பெட்டியை எடுக்க யாருக்கும் கை எட்டாது. ஏறக்குறைய 30 அங்குலம்தான் வசதியாக எட்டும். ஆகவே சுற்றிவர ஆள் நடக்க வழி விட வேண்டும். நான்கு பக்கமும் 2 அடி விட்டால் அந்த ஒற்றைப் பலகை 8 அடிக்கு 12 அடி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமை இரவு அதை எந்த அலுமாரியில் வைப்பது? யாருடைய காரில் ஏற்றுவது?

7 அடி யார்ட் மூன்றரை அடித் துண்டுகள் இரண்டாகச் செய்யப்படும். மண்டபத்தின் மடிப்பு மேசைகள் இரண்டை முட்டவைத்து, துண்டுகளை மேலே வைத்து, இரண்டு போல்ட் இறுக்கினால் பாதை தயார். முடிந்ததும் கழற்றி அலுமாரியில் நிமிர்த்தி வைக்கலாம். காரின் பின் ஆசனத்திலும் போகும். கோபுரம் கட்ட நினைத்தவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்த்த கதையை ஓய்வுநாள் பாடசாலையிலேயே கேட்டவர்கள் நாம். இடத்தின் கணக்கும் அதேபோல முதலில் பார்க்க வேண்டிய கணக்குத்தான்.

ஆனாலும் இடமில்லை என்பது மட்டும் எங்கள் வாதமல்ல. நாளைக்கே நமக்குச் சொந்த மண்டபம் கிடைத்தாலும் இந்தச் சிறிய யார்டிலேயே தொடங்குவோம் என்றுதான் சொல்வோம்.

றெயில் எதற்காக ஓடுகிறது?

வட்டப் பாதையில் ஒரு சுற்று எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். 4க்கு 8 பலகையில் ஒரு சுற்று ஏறக்குறைய 19 அடி. மணிக்கு 30 மைல் வேகத்தில் போகும் றெயிலை அதே அளவுக்குச் சிறிதாக்கினால், முக்கால் நிமிடத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும். ஒரு மணி நேரத்தில் 80 சுற்றுக்கு மேல். முதற் சுற்று அழகு. பத்தாவது சுற்றும் அழகுதான். நாற்பதாவது சுற்றை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் ஒருவர் கையில் இருக்கும். மற்றப் பதினொரு பேரும் பார்வையாளர்.

உண்மையான றெயில் சுற்றிவருவதற்காக ஓடுவதில்லை. யாரோ ஒருவருக்கு ஏதோ ஒரு பொருள் வேண்டும், அதனால்தான் ஓடுகிறது. பலகை விற்பவருக்கு மரம் வேண்டும். பேக்கரிக்கு மா வேண்டும். அச்சகத்துக்குக் காகித உருளை வேண்டும். நமது நகரத்தின் தொழிற்சாலைகளின் பின்பக்கம், புல் முளைத்த ஒற்றைத் தண்டவாளம் ஒன்று மதிலுக்குள் நுழைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு எஞ்சின் வந்து, நிரம்பிய பெட்டியை விட்டு, வெறும் பெட்டியை எடுத்துப் போகும். சொல்வதற்குச் சுலபம். ஆனால் எடுக்கவேண்டிய பெட்டி நடுவில் நிற்கும். அதற்கு முன்னால் நிற்கும் இரண்டையும் இழுத்து வேறொரு பாதையில் விட்டு, நடுப் பெட்டியை எடுத்து, பிறகு அந்த இரண்டையும் திரும்பப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் ஊரில் ஷண்டிங் என்பார்கள்; இங்கே சுவிச்சிங் என்கிறார்கள்.

அமெரிக்காவில் பிராங்க் எலிசன் என்பவர் 1940களிலேயே இதை எழுதி விளக்கினார். மொடல் றெயில்பாதை ஒரு நாடக மேடை, வண்டிகள் நடிகர்கள், நேர அட்டவணைதான் கதை என்பது அவருடைய கருத்து. மேடையை எவ்வளவு சோடித்தாலும் நடிகருக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றால் சபை எழுந்து போய்விடும். கிறிஸ்மஸ் நாடகம் போட்டுப் பழகிய நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவேதான் சொல்கிறோம்: முதலில் வேலையைத் தீர்மானிப்போம். யாருக்கு என்ன பொருள் வருகிறது, எந்தப் பெட்டியில் வருகிறது, எங்கே இறங்குகிறது என்று ஒரு தாளில் எழுதுவோம். அந்த வேலைக்கு எத்தனை பாதை வேண்டுமோ அத்தனை மட்டும் போடுவோம்.

ஐந்து, மூன்று, மூன்று

நாங்கள் முன்வைக்கும் அமைப்பு நம்முடைய கண்டுபிடிப்பு அல்ல. இங்கிலாந்தில் அலன் றைற் என்பவர் வடிவமைத்தது. 'இங்கிள்நூக்' என்று பெயர். நோர்தம்பர்லாந்தில் இருந்த கில்ஹம் என்ற சிறு நிலையத்தின் சரக்குப் பாதைகளைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் வந்தது.

அதில் பாதை பிரியும் இடங்கள், அதாவது பொயின்ற், இரண்டே இரண்டுதான். மூன்று பாதைகள் நிற்கும் பெட்டிகளுக்கு. ஒன்றில் 5 பெட்டி கொள்ளும். மற்ற இரண்டிலும் மும்மூன்று. எஞ்சின் முன்னும் பின்னும் நகரும் இழுபாதையில் எஞ்சினும் 3 பெட்டிகளும் மட்டும் கொள்ளும். மொத்தம் 8 பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு சிறு அட்டை. அட்டைகளைக் கலைத்து ஐந்தை எடுப்போம். எடுத்த ஐந்து பெட்டிகளும் எடுத்த அதே வரிசையில் நீண்ட பாதையில் பூட்டப்பட்டு நிற்க வேண்டும். அதுதான் புறப்படப்போகும் வண்டி.

எட்டில் ஐந்தை வரிசையோடு எடுக்க எத்தனை வழி? கணிதம் படிக்கும் தம்பி தங்கைமார் உடனே சொல்வார்கள்: எட்டை ஏழாலும் ஆறாலும் ஐந்தாலும் நாலாலும் பெருக்கினால் 6,720. எட்டுப் பெட்டிகளும் தொடக்கத்தில் எப்படி நிற்கின்றன என்பதும் ஒவ்வொரு முறையும் மாறும். அடுத்த குளிர்காலம் முடியும்வரை விளையாடினாலும் அதே புதிர் திரும்ப வராது என்று துணிந்து சொல்லலாம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இழுபாதையை இன்னும் 1 அடி நீட்டினால் புதிர் செத்துவிடும். பெட்டி எல்லாவற்றையும் ஒரேயடியாக இழுத்துப் பிரித்துவிடலாம், யோசிக்க ஒன்றும் இராது. இடம் போதாமைதான் இந்த விளையாட்டின் உயிர். ஆகவே பாதையை வெட்டுவதற்கு முன் பெட்டிகளைக் கையில் வைத்து அளக்க வேண்டும். 40 அடிப் பெட்டி ஒன்று எச்.ஓ. அளவில் கொளுவிகளோடு ஏறக்குறைய 6 அங்குலம் வரும். ஆகவே நீண்ட பாதைக்கு 30 அங்குலம், குறுகிய பாதைகளுக்கு 18 அங்குலம், இழுபாதைக்கு எஞ்சினையும் சேர்த்து 25 அங்குலம். பொயின்ற் இரண்டையும் கூட்டினால் 7 அடிக்குள் அடங்கும். 7 அடி என்ற அளவு வந்த வழி இதுதான்.

சீட்டு வந்தால் வேலை வரும்

புதிர் கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது நியாயமான பேச்சு. அதற்கு மருந்து 1960களில் அமெரிக்க மொடல்காரர் மத்தியில் பரவிய அட்டை முறை. உண்மையான றெயிலில் ஒவ்வொரு சரக்குப் பெட்டிக்கும் போகுமிடம் எழுதிய சீட்டு இருக்கும். அதைச் சிறிதாக்கியது இது.

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அட்டை. அட்டையில் ஒரு சிறு பை. பைக்குள் ஒரு சீட்டு. சீட்டின் இரண்டு பக்கத்திலும் மேலும் கீழுமாக நாலு கட்டளைகள். ஒரு பொக்ஸ் காருக்கு இப்படி எழுதலாம்: 1, காகித உருளை, கியூபெக் ஆலையிலிருந்து நமது களஞ்சியத்துக்கு. 2, வெறும் பெட்டி, ஆலைக்குத் திரும்புக. 3, பலசரக்கு, பொதுப் பாதைக்கு. 4, வெறும் பெட்டி, திரும்புக. ஒவ்வொரு சனிக்கிழமையும் வேலை முடிந்தபின் ஒருவர் சீட்டுகளைத் திருப்பி வைப்பார். அடுத்த வாரம் வருகிறவர்களுக்குப் புது வேலை காத்திருக்கும்.

பொதுப் பாதை என்றது சும்மா சொன்னதல்ல. சொந்தப் பாதை இல்லாத வியாபாரிகள் தங்கள் வண்டியைக் கொண்டுவந்து சரக்கு இறக்கும் இடம் அது. இங்கே அதற்கு ரீம் ட்றாக் என்று பெயர். ரீம் என்பது வண்டியில் பூட்டிய குதிரைச் சோடி. குதிரை போய் லொறி வந்தும் பெயர் மாறவில்லை. சிறிய மொடலுக்கு இது பெரிய வரப்பிரசாதம். கட்டடமே தேவையில்லை, கொஞ்சம் சல்லி பரவினால் போதும். எந்தப் பெட்டியும் அங்கே வரலாம், எந்தச் சரக்கும் இறங்கலாம். ஒரு பாதையை இதற்குக் கொடுப்போம். மற்றதைக் களஞ்சியத்துக்கும் மரக்கடைக்கும் பங்கிடுவோம்.

ஆளுக்கொரு பொறுப்பு

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: சரக்கு றெயிலில் பெரியவர் எஞ்சின் ஓட்டுகிறவர் அல்ல. கண்டக்டர்தான் பெரியவர். எந்தப் பெட்டியை எப்போது எடுப்பது என்று தீர்மானிப்பவர் அவர். ஓட்டுகிறவர் அவருடைய சொல்லுக்கு நகர்த்துவார், நிறுத்துவார். நமது யார்டிலும் அப்படியே வைப்போம். ஒருவர் அட்டைகளைக் கையில் வைத்துத் திட்டமிடுவார். ஒருவர் ஓட்டுவார். ஒருவர் பொயின்ற் மாற்றி, பெட்டிகளைக் கழற்றிவிடுவார். அரை மணிக்கு ஒரு முறை ஆள் மாறும்.

இதில் ஒரு நன்மை உண்டு. 13 வயதுத் தங்கை கண்டக்டராக நிற்க, 19 வயது அண்ணன் அவள் சொல்கிறபடி எஞ்சினை நகர்த்த வேண்டி வரும். அவள் வாய் திறந்து தெளிவாகச் சொல்லப் பழக வேண்டும்: "இன்னும் இரண்டு பெட்டித் தூரம், ஒன்று, அரை, நில்." அவன் பொறுமையாகக் கேட்கப் பழக வேண்டும். நமது கூட்டங்களில் மூத்தவர்கள் பேச இளையவர்கள் தலையாட்டுவதே வழக்கமாகிவிட்டது. அதை மாற்ற எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஒரு மேசையைச் சுற்றி நின்று செய்கிற வேலையில் அது பேச்சில்லாமலே மாறும் என்று நம்புகிறோம்.

ஓட்டவோ திட்டமிடவோ விருப்பமில்லாத சிலரும் இருப்பார்கள். அவர்களுக்கு மேசைக்கு அடியில் இடம் உண்டு. 1946இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஒரு மொடல் றெயில் கழகம் தொடங்கினார்கள். சிலர் மேலே வண்டியும் காட்சியும் செய்தார்கள். வேறு சிலர் தொலைபேசி நிலையங்களில் பாவித்த பழைய கருவிகளைக் கொண்டு அடியில் மின்னிணைப்பு வேலை செய்தார்கள். கெட்டித்தனமாகச் செய்த வேலைக்கு 'ஹாக்' என்று தங்களுக்குள் ஒரு சொல் வைத்திருந்தார்கள். அவர்களில் பலர் 1950களின் கடைசியில் பல்கலைக்கழகத்துக்கு வந்த கணினிகளின் பக்கம் போனார்கள். இன்று உலகம் முழுவதும் பேசும் 'ஹாக்கர்' என்ற சொல் அந்த வட்டத்திலிருந்து பரவியதுதான். கணினி படிக்கும் நமது பிள்ளைகள் இந்த வேலையைக் குழந்தை விளையாட்டு என்று தள்ளும் முன் இதை நினைக்கட்டும்.

பெரியது போனது, சிறியது நின்றது

மொடல் றெயில் உலகில் மறக்க முடியாத பெயர் ஜோன் அலன். கலிபோர்னியாவின் மொன்ரரே நகரில் தன் வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் அவர் ஒரு மலைநாட்டு றெயில்பாதையைக் கட்டினார். தரையிலிருந்து கூரைவரை மலைகள். அதன் புகைப்படங்களைப் பார்த்தே ஒரு தலைமுறை இந்தப் பொழுதுபோக்குக்கு வந்தது. ஒரு எஞ்சினுக்குப் பதிலாக டைனோசர் ஒன்று பெட்டி இழுக்கும் குறும்பும் அதில் இருந்தது. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களுக்குள் அந்த வீட்டில் தீப்பிடித்து, அந்தப் பெரிய பாதை அழிந்துபோனது.

அதே ஜோன் அலன் இன்னொன்றும் செய்திருந்தார். ஒரு பலகையில் அடங்கும் சிறிய ஷண்டிங் விளையாட்டு. ஐந்து பொயின்ற், 1972இல் சஞ்சிகையில் வெளியானது, பெயர் 'ரைம்சேவர்'. அதை யாரும் எங்கும் கட்டலாம். 50 வருடம் கழிந்தும் பல நாடுகளில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய பாதையைப் படத்தில்தான் பார்க்கலாம். சிறிய விளையாட்டு இன்னும் கையில் இருக்கிறது.

பெரிதாகக் கனவு காண வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மற்றவர் கையில் கொடுக்கக்கூடியதாக ஒன்றைச் செய்தால் அது செய்தவரோடு முடிந்துபோகாது. நமது ஒன்றியத்தில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் பல்கலைக்கழகம், வேலை என்று போய்விடுகிறார்கள். நாம் கட்டுவது, நாம் போனபின் வருகிற தம்பி தங்கைமார் ஒரு மாலையில் கற்றுக்கொண்டு ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

யாழ்தேவி வேண்டும் என்பவர்களுக்கு

நமது பெரியவர்களில் சிலர், கட்டுவதென்றால் யாழ்தேவியைக் கட்டுங்கள் என்கிறார்கள். அந்த ஆசை எங்களுக்கு விளங்குகிறது. 1956 ஏப்ரலில் தொடங்கிய வண்டி அது. 1990இல் வடக்குக்கான ஓட்டம் நின்றது. 2014இல் யாழ்ப்பாணம் வரையும், 2015இல் காங்கேசன்துறை வரையும் திரும்ப ஓடத் தொடங்கியது. இடையில் போன 24 வருடத்தில்தான் நமது குடும்பங்களில் பெரும்பாலானவை இங்கே வந்து சேர்ந்தன.

ஆனால் யாழ்தேவி நீண்ட பயணிகள் வண்டி. 7 அடியில் அது வந்து நிற்கவே இடம் போதாது. வந்தாலும் நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அதே பாதையின் முடிவில், காங்கேசன்துறையில், 1950 முதல் சிமெந்து ஆலை இருந்தது. ஆலை என்றால் பெட்டி வரும், பெட்டி போகும், ஷண்டிங் நடக்கும். நமது இரண்டாவது பலகைக்கு அதுவே பொருத்தமான கதை என்று நினைக்கிறோம். முதற் பலகை ஒன்ராறியோவாக இருக்கட்டும். காரணம், பிள்ளைகள் போய்ப் பார்த்து அளந்து வரக்கூடிய றெயில் அதுதான். பெட்டிகளும் எஞ்சினும் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் பெரியவர்களுக்கு நினைவூட்டுகிறோம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்குக் கொடுத்த முதல் எம்-2 டீசல் எஞ்சின்கள் 1954இல் கட்டப்பட்டது இதே ஒன்ராறியோவின் லண்டன் நகரில்தான். அவற்றில் ஒன்றின் பெயரே 'ஒன்ராறியோ'. ஆகவே இந்த இரண்டு பலகைகளும் அவ்வளவு தூரத்தில் இல்லை. ஊரில் நிலையத்தருகே வாழ்ந்தவர்கள், றெயில்வேயில் வேலை செய்தவர்கள் சனிக்கிழமை வந்து எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். கொடி காட்டுவது எப்படி, ஒற்றைப் பாதையில் ரப்லற் இல்லாமல் சாரதி ஏன் வண்டியை எடுக்கமாட்டார் என்பதெல்லாம் எந்தக் கடையிலும் விற்பதில்லை.

சொல்லப்படும் மறுப்புகள்

முதலாவது, பணம். ஊரில் எத்தனையோ தேவை இருக்க விளையாட்டு றெயிலுக்குச் செலவா என்ற கேள்வி வந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். அதனால்தான் சிறியதைக் கேட்கிறோம். ஒரே எஞ்சின் என்றபடியால் விலை கூடிய டிஜிற்றல் கட்டுப்பாடு தேவையில்லை; சாதாரண 12 வோல்ட் கட்டுப்பாட்டுக் கருவி போதும். எஞ்சினை மட்டும் நல்லதாக, மெதுவாக ஊர்ந்து போகக்கூடியதாக வாங்க வேண்டும். பெட்டிகளைப் பழைய பொருள் விற்கும் றெயில் கண்காட்சிகளில் மலிவாக எடுக்கலாம். நிவாரணத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சதமும் தொடுவதில்லை என்று தீர்மானத்திலேயே எழுதிவைப்போம்.

இரண்டாவது, சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு வட்டமாக ஓடுவதுதான் பிடிக்கும் என்கிறார்கள். உண்மை. அதற்குப் பலகையே வேண்டாம். கிறிஸ்மஸ் மரத்தைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் போட்டுக் கொடுப்போம். ஐந்து வயதுப் பிள்ளையின் சந்தோஷத்துக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் ஐந்து மாத வேலைக்கும் ஒரே பலகையில் விடை தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, இதையெல்லாம் கணினியில் செய்யலாமே என்பது. செய்யலாம். ஆனால் கணினியில் சில்லு அழுக்காவதில்லை, பெட்டி தடம் புரள்வதில்லை. ஏன் புரண்டது என்று குனிந்து தேடுவதில்தான் பாதி அறிவு இருக்கிறது. அமெரிக்க மொடல்காரர் சங்கம் எச்.ஓ. பெட்டிக்கு ஒரு நிறை விதி வைத்திருக்கிறது: 1 அவுன்ஸ், அதோடு நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 6 அங்குலப் பெட்டி 4 அவுன்ஸ் இருக்க வேண்டும். அதைவிட இலேசாக இருந்தால் பின்னோக்கித் தள்ளும்போது பாய்ந்துவிடும். ஒரு தராசும் சில வொஷர்களும் இருந்தால் 12 வயதுப் பிள்ளை திருத்திவிடும். கையால் திருத்திய பெட்டி தன் பெட்டி ஆகிவிடும்.

எப்படித் தொடங்குவது

நவம்பரில் சட்டம். 1க்கு 4 பைன் மரமும் அரை அங்குல பிளைவுட்டும் போதும். டிசம்பரில் பாதை. பொயின்றை மட்டும் மலிவாக வாங்க வேண்டாம். தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்துக்கு இங்கே 'தவளை' என்று பெயர். அந்தத் தவளைக்கு மின்சாரம் வராவிட்டால் சிறிய எஞ்சின் அங்கேயே படுத்துவிடும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே வகைக் கொளுவி, கேடீ வகை, போட வேண்டும். கழற்றுவதற்குக் கருவி தேவையில்லை. கபாப் குத்தும் மூங்கில் குச்சியைக் கொளுவிகளுக்கு இடையில் விட்டுத் திருகினால் கழன்றுவிடும்.

ஜனவரி முழுவதும் வெறும் பலகையில் ஓட்டுவோம். இது எங்கள் கண்டிப்பான வேண்டுகோள். சீரியல் பெட்டியை வெட்டி 'களஞ்சியம்' என்று எழுதி வைத்தால் அது களஞ்சியம்தான். ஒரு மாதம் வேலை செய்தபின்தான் எந்தப் பாதை கட்டை, எங்கே கை இடிக்கிறது என்று தெரியவரும். திருத்தவேண்டியதை அப்போது திருத்தலாம். புல்லும் மரமும் வர்ணமும் பெப்ரவரியில் வரட்டும். சோடனையை முதலில் செய்தால் பிழையைத் திருத்த யாருக்கும் மனம் வராது.

நண்பர்களே, வாக்கு உங்கள் கையில். பெரிய பலகைக்கு வாக்களிக்கிறவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டு வரும்படி கேட்கிறோம்: மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அந்தப் பாதையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்ய என்ன வேலை இருக்கும்? சிறிய யார்டுக்கு வாக்களிக்கிறவர்கள் கையோடு கொண்டுவர வேண்டியவை: ஒரு அளவுகோல், ஒரு பென்சில், காலியான சீரியல் பெட்டி ஒன்று. தீர்மானம் நிறைவேறினால் அன்று மாலையே மேசையில் அளக்கத் தொடங்கலாம்.